ஸ்டுட்கார்ட்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

மகனை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். அத்தானும் படிக்கட்டும்.

மார்த்தாண்டத்து ஏஜெண்ட் “அங்கே படிப்பு இலவசம்” என்று சொன்னது முழுப் பொய்யில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் நான் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. அது போக, விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கு என்ற வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்: 11,904 யூரோ. பத்து லட்சத்துக்கு மேல். மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே திரும்பி வரும், சரி, ஆனால் முதலில் மொத்தமாகப் புரட்ட வேண்டுமே. ரப்பர் விளையை ஈடு வைக்க அத்தான் இப்போதே அவசரப்பட வேண்டாம்.

ஏனென்றால் வெறும் பிளஸ் டூவை வைத்து இங்கே பல்கலைக்கழகத்தில் பொதுவாக நேரடியாகச் சேர முடியாது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்களுக்கு வழி உண்டு. மற்றவர்கள் இங்கே வந்து ஷ்டூடியன்கொலெக் என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊரிலேயே அதே துறையில் டிகிரி முதல் வருடம் தேற வேண்டும். இளங்கலை பெரும்பாலும் ஜெர்மனில்தான். அவன் நாகர்கோவிலில் பி.எஸ்சி. சேர்ந்து, கூடவே ஜெர்மன் படிக்கட்டும். டிகிரியே முடித்துவிட்டு முதுகலைக்கு வந்தால் ஆங்கிலத்திலும் நிறையப் படிப்புகள் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் நல்லது.

என் வீட்டில் கூடத் தங்கியிருக்கும் பெண் மெக்கானிக்கல் படிக்கிறாள். வகுப்புக்குப் போனாயா என்று அவளைக் கேட்க ஆளில்லை. பரீட்சைக்குக்கூட அவளே ஆன்லைனில் பதிய வேண்டும், மறந்தால் எழுத முடியாது. இங்கே 1.0 தான் முதல் மார்க், 4.0 வரை பாஸ், 5.0 வந்தால் ஃபெயில். கட்டாயப் பாடத்தில் பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் போனால் வேறு ஊருக்குப் போயும் அந்தப் படிப்பைத் தொடர முடியாது. நம்மூர் மாதிரி அரியரை இழுத்துக்கொண்டே போகிற கதை இல்லை. பரீட்சைக் காலத்தில் ஃபிரிட்ஜ் கதவில் தேதிகளை ஒட்டிவிட்டு, நின்றபடியே பிரெட்டைக் கடித்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடுவாள். ஆப்பிரிக்கக் கடையில் வாங்கிய மரச்சீனியை அவித்து, மீன்கறியோடு அவளுக்கும் எடுத்து வைப்பேன். எரிவு தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்பாள்.

நம் பையனை டியூஷன் வாசல் வரை பைக்கில் கொண்டு விடுவது அத்தான்தானே? இங்கே எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வானா என்பதுதான் எனக்குக் கவலை. பணத்தை எப்படியும் புரட்டிவிடலாம்.

ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுக்காதே. பல பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக அவனே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும், 2022 நவம்பரிலிருந்து அது கட்டாயம். அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி நாள்.

இந்த ஞாயிறு எனக்கு டியூட்டி இல்லை. பூசை முடிந்து வந்ததும் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே கூப்பிடச் சொல்.

அன்புடன்,
தங்கச்சி