காலண்டரில் இரண்டு தேதி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தி பிறந்த சேதியை உன் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ரெண்டு வாரமாகக் கிறுகிறுவென்று வருகிறது, பித்தம்தான், இஞ்சிச் சாறு குடிக்கிறேன், சலூனில் கழுத்துக்குச் சொடக்கு எடுத்தால் தேவலையாக இருக்கிறது என்கிறாய்.

நானும் ஐப்பசியில் பித்தம் என்றுதான் சொன்னேன். உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். வீணாகக் கவலைப்படுவாய் என்று விட்டுவிட்டேன், அது தப்பு.

ஒருநாள் காலையில் காலண்டரில் தேதி கிழிக்கப் போனேன். 17 ரெண்டாகத் தெரிந்தது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற மாதிரி. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிட்டது, திறந்தால் மறுபடி ரெண்டு. தரை ஒரு பக்கமாகச் சரிகிற மாதிரி இருந்தது. உன் தங்கச்சியைக் கூப்பிட்டேன், நாக்கு குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். முகமும் கோணவில்லை. காதுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது ரெண்டு காலும் சட்டென்று மடங்கிவிட்டன. நினைவு தப்பவில்லை மாப்ளே. பையிலிருந்து தக்காளி உருண்டு சாக்கடை வரைக்கும் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் பையன் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான்.

அவர் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மூளைக்கு ரத்தம் போக நாலு பெரிய குழாய்கள். கழுத்தின் முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டு. பின்பக்கத்துக் குழாய்கள் கழுத்து முள்ளெலும்புகளின் ஓரத்தில் இருக்கிற துளைகளுக்குள் நுழைந்து, ஒவ்வொரு எலும்பாகக் கோத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. மண்டைக்குள் போனதும் ரெண்டும் சேர்ந்து ஒரே குழாயாகிவிடும். மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்த வழியாகப் போகிறது. ஆனால் மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வைக்கான பின்பகுதி எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. மூச்சு, விழுங்குவது, நடையில் நிதானம் எல்லாம் அங்கேதான். அந்த ரத்தம் குறைந்தால் கை கால் விழாமலே தலை சுற்றும், பார்வை ரெண்டாகும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். ஸ்ட்ரோக்கில் ஐந்தில் ஒன்று இந்தப் பின்பக்கத்தில் வருகிறதாம். நாம் வாய் கோணினால்தான் பக்கவாதம் என்று நினைக்கிறோம்.

எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பின்பக்க எலும்பு தடிமனாக இருப்பதால் சி.டி.யில் அந்த இடம் தெளிவாக விழாதாம். ஒரு குழாயில் கொழுப்பு படிந்து நன்றாகச் சுருங்கியிருந்தது. நல்லவேளை, நிரந்தரச் சேதம் இல்லை. இப்படி வந்து கலைந்து போவதுதான் பெரிய ஸ்ட்ரோக்குக்கு முன்னறிவிப்பு, முதல் ரெண்டு நாள் ரொம்ப ஆபத்து என்றார். நான் அந்த ரெண்டு நாளும் இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. சிகரெட்டை விட்டு நாலு மாதமாகிறது.

உனக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. நிறையப் பேருக்குத் தலைச்சுற்றல் காதால் வருவதுதான். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிஷத்துக்குள் சுற்றி நின்றுவிட்டால் பெரும்பாலும் அதுதான், அதற்குத் தலையைத் திருப்பிவைத்துச் செய்கிற எளிய வைத்தியம் இருக்கிறது. ஆனால் உனக்குச் சர்க்கரை பத்து வருஷமாக இருக்கிறதே. டாக்டரைப் பார்க்காமல் நீயே பித்தம் என்று முடிவு கட்டாதே. சுற்றலோடு பார்வை ரெண்டானாலோ, நாக்கு குழறினாலோ, நிற்க முடியாமல் தள்ளினாலோ, உடனே 108-ஐக் கூப்பிடச் சொல். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சரியாகிவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்புறம் அந்தச் சலூன். கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்பும்போது எலும்புக்குள் ஓடுகிற அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் ஸ்ட்ரோக்தான். வாலிபர்களுக்கே வந்திருக்கிறது. திருப்பக்கூட வேண்டாம், தலையைப் பின்னால் மல்லாத்தி வைத்திருந்தாலே சிலருக்குப் போதும். அமெரிக்காவில் அழகு நிலையத்தில் அப்படித் தலை அலசிக்கொண்ட ஐந்து பெண்களுக்கு இந்த மாதிரி வந்ததை 1993-இல் மைக்கேல் வெயின்ட்ராப் என்ற நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் முப்பது வருஷப் பழக்கம், மனசு நோகும் என்று நீ தயங்குவாய், தெரியும். முடி வெட்டிக்கொள், சவரம் செய்துகொள், கழுத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

இந்த வாரமே நரம்பு டாக்டரைப் பார். தனியாகப் போகாதே, மகனைக் கூட்டிக்கொண்டு போ. அவர் என்ன சொன்னார், பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று ஒரு வரி எழுது. பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் ரெண்டு பேரும் வருகிறோம். பேத்திக்கு உன் தங்கச்சி இப்போதே சட்டை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

என்றும் உன்,
மச்சான்