செல்லம்மாவின் பரீட்சைப் பணம்

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பிசான நடவு முடிந்துவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு அரசாங்கம்தான் பணம் கொடுக்கிறதே, அப்புறம் பிள்ளைகளிடம் எதற்குக் கட்டணம் என்று கேட்டிருந்தாய். போன வாரம் பார்த்ததைச் சொல்கிறேன். எதிர்வீட்டுச் செல்லம்மா பீடி சுற்றுகிறவள். மகள் பி.காம். இரண்டாம் வருஷம். பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள். மடியில் இருந்த சுளவை இறக்கி வைத்துவிட்டு, புகையிலைத் தூள் ஒட்டிய விரலால் வாரக்கூலியை எண்ணினாள். எல்லாம் பத்தும் இருபதுமாக இருந்தது. அரியர் இரண்டும் சேர்ந்ததால் நூற்றுச் சொச்சம் குறைந்தது. நான் கொடுத்தேன்.

அது உதவி பெறும் கல்லூரி, வாத்தியார் சம்பளம் அரசு கொடுப்பது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வருகிறது, அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போய்விடும். பரீட்சைப் பணம் மட்டும் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அதற்கு மாநில அரசின் மானியம் உண்டு. மத்தியில் இருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தருவது பெரும்பாலும் இன்ன வேலைக்கென்று குறித்த பணம். மிச்சத்தைப் பரீட்சைக் கட்டணம், கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி இவற்றில்தான் தேட வேண்டும். சம்பளமும் ஓய்வூதியமும் வருஷா வருஷம் ஏறும். மானியம் அதே வேகத்தில் ஏறாவிட்டால் காலி இடத்தை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுவார்கள், இல்லையென்றால் கட்டணத்தில் கை வைப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. பெரிய கல்லூரிகள் தன்னாட்சி வாங்கித் தாங்களே பரீட்சை நடத்தும்போது, அந்த வருமானமும் பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போகிறது.

சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கென்று செனட், சிண்டிகேட் என்று முடிவெடுக்கும் குழுக்கள் இருக்கின்றன, பாடத்திட்டத்தைத் தாங்களே முடிவு செய்யலாம். ஆனால் அடுத்த வருஷம் எவ்வளவு வரும் என்று தெரியாமல் ஒரு புதுத் துறையை யார் தொடங்குவார்கள்? மத்தியில் மானியக் குழுவை 1956-இல் சட்டம் போட்டு அமைத்ததே, அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும் என்றுதான். அப்படி ஒன்று மாநிலத்திலும் இருந்து, மூன்று வருஷத்துக்கான மானியத்தை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். கணக்கைத் தணிக்கை செய்யட்டும், கேள்வி கேட்கட்டும், அது அரசின் உரிமை. பணத்தை மட்டும் இழுத்தடிக்கக் கூடாது. கட்டணத்தை ஏற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் காலில் நிற்கச் சொல்கிறவர்கள் செல்லம்மா வீட்டுத் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படி வருகிற தன்னாட்சி எனக்கு வேண்டாம்.

நாம் சான்றிதழ் வாங்க மதுரைக்குப் போய், ராத்திரி பஸ் ஸ்டாண்டிலேயே படுத்தோமே, நினைவிருக்கிறதா? 1990-இல் நம் ஊருக்கே பல்கலைக்கழகம் வந்தபோது நீதான் முதலில் எனக்குக் கார்டு போட்டாய். இனி நம் பிள்ளைகள் மதுரைக்கு அலைய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே.

அன்புடன்,
உன் சுடலைமுத்து
பாளையங்கோட்டை