மாடல் விமான பேட்டரி சார்ஜர் மற்றும் கையேடு குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மின்சார மாடல் விமானத் தொகுப்பில் வந்த ஆபத்தான சார்ஜர், தவறான கையேடு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் அக்கா மகனுக்காக உங்களிடம் 'புதிதாகப் பறக்கவிடுபவர்களுக்கு' என்று விற்கும் மாடல் விமானத் தொகுப்பை வாங்கினேன். விமானத்தில் குறையில்லை, அருமையாகப் பறக்கிறது. புகார் அதனுடன் வந்த சார்ஜரையும் கையேட்டையும் பற்றியது. அப்புறம், நீங்கள் அனுப்பிய பதிலைப் பற்றியது.

பேட்டரி மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), கொள்ளளவு 2200 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி). எந்தச் செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மூன்றும் சேர்ந்து 12.6. செல்கள் ஒரே அளவில் ஏறுகின்றனவா என்று சார்ஜர் கவனிப்பதற்காகத்தான் பேட்டரியில் அந்தச் சின்ன வெள்ளை பேலன்ஸ் பிளக் இருக்கிறது. உங்கள் சார்ஜரில் அதைச் செருக இடமே இல்லை. மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்த்து, 12.6 வந்ததும் பச்சை விளக்கைப் போட்டுவிடுகிறது.

பச்சை எரிந்த கையோடு, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் தனித்தனியாகக் காட்டும் செல் செக்கர் கருவியில் அளந்தேன்: 4.34, 4.33, 3.93. கூட்டிப் பாருங்கள், சரியாக 12.60. சார்ஜர் தன் கணக்கில் தவறவில்லை. ஆனால் பலவீனமான ஒரு செல்லுக்காக மற்ற இரண்டையும் எல்லை தாண்டி ஏற்றிவிட்டது. உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. இப்படி அளவு மீறி ஏற்றுவதுதான் லிப்போ தீப்பிடிக்க முக்கியக் காரணங்களில் ஒன்று. பையன் வீட்டில் செல் செக்கர் கிடையாது. அவன் பச்சை விளக்கை நம்பியிருப்பான்.

கையேடு இன்னும் மோசம். "முதல் முறை 14 மணி நேரம் சார்ஜ் செய்யவும்", "முழுவதும் தீர்ந்த பிறகே மறுபடி சார்ஜ் செய்யவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இது அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான அறிவுரை. லிப்போ செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும். 2200 எம்ஏஹெச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும், அதுவும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது, பல நாள் எடுத்து வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இதை எழுதிக் கேட்டதற்கு, லிப்போவுக்கு வாரண்டி கிடையாது, தீ பரவாமல் தடுக்கும் சார்ஜிங் பையில் வைத்துச் சார்ஜ் செய்திருக்க வேண்டும் என்றீர்கள். அந்தப் பை தொகுப்பிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. கூடவே, உப்பிய பேட்டரியை 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதிக் கூரியரில் அனுப்பச் சொன்னீர்கள். சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றுவதற்கே தடை இருக்கிறது. பேட்டரி விற்கும் நிறுவனம் வாடிக்கையாளரைப் பொய் எழுதி அனுப்பச் சொல்வதை என்னவென்று சொல்வது? நான் அனுப்பப்போவதில்லை. அது இப்போது கொல்லையில், மணல் போட்ட இரும்பு வாளியில் இருக்கிறது.

பேட்டரி, சார்ஜர் இரண்டுக்குமான பணத்தைத் திருப்பித் தாருங்கள். பேட்டரியை முறைப்படி பொதித்துத் தரைவழியாக எடுத்துச்செல்ல ஆள் அனுப்புங்கள். இதே தொகுப்பை வாங்கிய அனைவருக்கும் அந்தச் சார்ஜரைப் பயன்படுத்த வேண்டாம் என்று உடனே தெரிவித்து, பேலன்ஸ் சார்ஜரும் தமிழில் சரியான கையேடும் கொடுங்கள். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

சரியான பயன்பாட்டு விளக்கமும் எச்சரிக்கையும் இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

பில் நகல், செல் செக்கர் அளவுகளின் படம், கையேட்டின் பக்கங்கள், உங்கள் பதில் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்