ஹைபிரிட் மைலேஜ்: மலைக்கும் ஓர் எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"ஷோரூமில் லிட்டருக்கு 28 கி.மீ. என்றார்கள், ஊட்டிக்கு ஏறினால் 12 தாண்டவில்லை" என்று பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ள ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் புலம்புவதும், "உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று மற்றவர்கள் பதில் எழுதுவதும் வாசகர் பகுதியில் சில நாட்களாக நடக்கிறது. அந்த 28 எங்கிருந்து வருகிறது என்பதை இரு தரப்பும் தொடவே இல்லை.

முதலில் ஒரு தவறான குற்றச்சாட்டைத் தள்ளிவிடலாம். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றிவைத்துச் சோதனையில் ஏமாற்றுகிறார்கள் என்பது சரியல்ல. சோதனை தொடங்கும்போதும் முடியும்போதும் பேட்டரியின் சார்ஜைப் பார்க்கிறார்கள். குறைந்திருந்தால் அதற்கு ஈடான பெட்ரோலைக் கணக்கில் ஏற்றுகிறார்கள். எண் பொய்யில்லை. அது எந்தச் சாலைக்கான எண் என்பதில்தான் வழக்கு.

புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை மையங்களில் கார் நின்ற இடத்திலேயே உருளைகள் மீது ஓடுகிறது. மொத்தம் 1,180 விநாடி, சுமார் பத்தரை கி.மீ. உச்ச வேகம் 90, சராசரி 32 சொச்சம். அறை வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள். ஏசி போடுவதில்லை. நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 விநாடி. அவ்வளவு நிதானமாக நம் ஊரில் பால் வண்டிகூடக் கிளம்பாது. கிட்டத்தட்டக் கால் பங்கு நேரம் வண்டி சும்மா நிற்கிறது. ஏற்றம் என்பதே கிடையாது.

ஹைபிரிட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பரீட்சை இது. நின்றால் இன்ஜின் அணைகிறது, மெதுவாக ஊர்ந்தால் மோட்டாரே இழுக்கிறது, பிரேக்கில் வரும் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது. மாருதியின் கிராண்ட் விட்டாரா காரில் ஹைபிரிட்டுக்கு 27.97, மேனுவல் கியர் பெட்ரோல் வண்டிக்கு 21.11 என்று அறிவித்திருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். கோவையின் சிக்னல்களில் இந்த இடைவெளியில் பெரும்பகுதி நிற்கும். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டினால் நிற்காது.

கணக்கு எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 1,900 மீட்டர் உயரம். ஆட்களும் சாமானும் சேர்த்து 1,600 கிலோ உள்ள காரை அவ்வளவு தூக்க, கரண்ட் பில் கணக்கில் சொன்னால், 8 யூனிட்டுக்குச் சற்று மேல் சக்தி வேண்டும். நல்ல ஹைபிரிட் இன்ஜின் ஒரு லிட்டரிலிருந்து சக்கரத்துக்குக் கொடுப்பது 3 யூனிட்டுக்கும் கீழே. ஆக, தூக்குவதற்கு மட்டுமே 3 லிட்டர். டயர் உராய்வு, காற்று, வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து மறுபடி வேகமெடுப்பது எல்லாம் சேர்ந்தால் குன்னூர் வழி 51 கி.மீ.க்கு நாலு, நாலரை லிட்டர். லிட்டருக்கு 11 முதல் 13 வருகிறதென்றால் வண்டியில் கோளாறு இல்லை.

"ஏறும்போது போனது இறங்கும்போது திரும்பிவிடும்" என்று விற்பனையாளர்கள் சொல்வதுதான் உண்மையில் தவறு. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். ஆயுள் கருதி அதையும் அடியிலிருந்து நுனிவரை பயன்படுத்த விடுவதில்லை. நடுவில் பாதியளவுதான் புழங்கும். ஊட்டியிலிருந்து இறங்கும் காரில் உராய்வு போக 5 யூனிட் அளவுக்குச் சக்தி மிஞ்சுகிறது. குன்னூரிலிருந்து பர்லியார் நோக்கி இறங்கினால் சில கிலோமீட்டரிலேயே பேட்டரிக் கோடுகள் நிரம்பிவிடும். பிறகு மீதிச் சக்தியைக் கொட்ட இடமில்லாமல், பெட்ரோல் ஊற்றாமலே இன்ஜினைச் சுழற்றி வண்டியை அடக்குகிறது கம்ப்யூட்டர். இறக்கத்தில் திடீரென்று இன்ஜின் உறுமுவது இதனால்தான். ரிப்பேர் என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம். கியர் லீவரை 'B' நிலையில் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) போட்டு இறங்குங்கள், பிரேக் காயாது. நியூட்ரலில் போட்டால் பேட்டரியும் ஏறாது, பிரேக்கும் மிஞ்சாது.

சாதாரண பெட்ரோல் காரும் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மூடிவிடுகிறது. எனவே இறக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மேட்டுப்பாளையம் போய்வரும் மொத்தக் கணக்கில் ஹைபிரிட் லிட்டருக்கு 20ஐ ஒட்டி நிற்கும்; சாதாரண வண்டியுடனான இடைவெளி, அறிவித்ததில் பாதிக்கும் கீழே சுருங்கும்.

ஊட்டிக் காலைக் குளிர் தனிக் கதை. இன்ஜினும் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்டும் சூடேறும் வரை வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடும். ஹீட்டர் சூடு இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டிலிருந்து வருவதால், ஹீட்டர் போட்டால் அணையவே தயங்கும். சேரிங் கிராஸ் வரை மூன்று கி.மீ. போய் வருபவருக்கு ஹைபிரிட்டின் பலன் தொடங்கும் முன்பே பயணம் முடிந்துவிடும். இன்னொன்று: பல ஹைபிரிட்டுகளில் பின் சீட் ஓரம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வலை இருக்கும். கம்பளி, பை போட்டு அதை மூடினாலோ தூசி அடைத்தாலோ பேட்டரி சூடாகி மோட்டாரின் பங்கு குறையும், மைலேஜ் விழும்.

அமெரிக்கர்கள் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். 2008 மாடலிலிருந்து அதிவேகம், ஏசி, கடுங்குளிர் ஆகியவற்றைச் சேர்த்து ஐந்து ஓட்டங்களாகக் கணக்கிட ஆரம்பித்ததும் டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட்டின் எண் கேலனுக்கு 55 மைலிலிருந்து 46 ஆனது. 2013இல் ஃபோர்டு நிறுவனம் சி-மேக்ஸ் ஹைபிரிட்டின் எண்ணை 47இலிருந்து 43ஆகக் குறைத்து, வாங்கியவர்களுக்கு 550 டாலர் கொடுத்தது. வேறொரு ஹைபிரிட்டின் சோதனை எண்ணை இதற்கும் ஒட்டியிருந்ததே காரணம். விதி அப்போது அதை அனுமதித்தது.

இங்கே அந்த ஒற்றை எண் விளம்பரத்தோடு நிற்பதில்லை. ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களுக்கும் சேர்த்து அரசு பார்க்கும் சராசரி எரிபொருள் கணக்குக்கும் அதே சோதனைதான் அடிப்படை. அதில், மோட்டாரால் மட்டுமே சிறிது தூரம் ஓடக்கூடிய ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட்டை இரண்டு கார்களாக எண்ணும் சலுகையும் இருக்கிறது. எனவே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நகரம், ஏசியுடன் நெடுஞ்சாலை, மலை என மூன்று எண்களைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்வது நியாயம். புனேயில் புதிதாக மலை கட்டத் தேவையில்லை. உருளையின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைத்தாலே ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும்.

அதுவரை, கடிதம் எழுத நினைப்பவர்கள் இப்படி அளக்கட்டும். மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நிற்கும் முதல் கட் ஆஃப் விழுந்ததும் நிறுத்துங்கள்; ஊட்டி போய்த் திரும்பி அதே பங்கில், அதே பம்பில், அதே பக்கம் நிறுத்தி மறுபடி முதல் கட் ஆஃப் வரை போடுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது பில்லின் லிட்டரால் வகுங்கள். டேஷ்போர்டு காட்டுவதை நம்ப வேண்டாம். ஏறும்போது மட்டும் அளந்த 12ஐயும், இறங்கும்போது மட்டும் அளந்த 80ஐயும் தயவுசெய்து யாரும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வாகனப் பொறியாளர்,
குன்னூர்