சீனியர் சென்டர் கதை, கொஞ்சம் பெருசுடி

மூக்கி,

எப்படிடி இருக்க? எழுதி ரொம்ப நாளாச்சு, திட்டிக்கோ. உன் பையனுக்கு வேலை கிடைச்சதா நம்ம போஸ்ட் ஆபீஸ் சொன்னா, அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான், இன்னும் மாறவே இல்ல. ரொம்ப சந்தோஷம், ட்ரீட் பாக்கி இருக்கு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அவர் முட்டிவலி அப்படியேதான்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். அம்மா போற சீனியர் சென்டர் இருக்குல்ல, வயசானவங்க பகல்ல கூடற இடம், அதை ரிப்பேர் பண்ண எங்க டவுன் கிராண்டுக்கு, அதான் அரசாங்க உதவிப் பணத்துக்கு, அப்ளை பண்ணப் போகுது. இதுக்கா இப்படி குதிக்கறன்னு கேப்ப. அம்மா இங்க அமெரிக்கா வந்த புதுசுல எப்படி இருந்தாங்கன்னு உனக்குத் தெரியும், உன்கிட்ட போன்ல அழுதிருக்காங்க. நாங்க வேலைக்குப் போயிட்டா வீட்ல பேச ஒரு ஆள் கிடையாது. அந்த சென்டருக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் பழைய அம்மா திரும்பக் கிடைச்சாங்க. அங்க ஒரு கொரியா பாட்டி, ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் தகராறு, ஆனா சேந்து உக்காந்துட்டா அப்படி ஒரு சிரிப்பு. நீ கேட்டல்ல, அரசாங்கமா அங்க சாப்பாடு போடுதுன்னு? ஆமாடி, 1965ல முதியோருக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க, அந்தப் பணம் வர்ற இடங்கள்ல 60 வயசு ஆனவங்களுக்கு மதிய சாப்பாடு உண்டு, விருப்பப்பட்டா உண்டியல்ல போடலாம், போடலன்னாலும் சாப்பாடு கிடையாதுன்னு சொல்லக் கூடாது.

ஆனா கட்டடம் பாவம். கூரை ஒழுகுது, மழைன்னா ஹால்ல வாளி வைக்கறாங்க. பாத்ரூம்ல வீல்சேர் உள்ள போனா திரும்பாது. வீல்சேர் ஏற்ற சரிவுப் பாதை, அந்த ராம்ப் வேற செங்குத்தா இருக்கு, ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும்னு விதி, இது அதுல பாதிகூட இருக்காது. போன குளிர்காலத்துல ஒரு தாத்தா அதுல வழுக்கி இடுப்பு உடைஞ்சுது, அதோட அவர் வரவே இல்ல, அம்மா இப்பவும் அவர் நாற்காலியில வேற யாரையும் உக்கார விடறதில்ல.

இந்த கிராண்ட் ஃபெடரல் பணம், அதாவது மத்திய அரசோடது, 1974ல இருந்து இருக்கு. பெரிய ஊருக்கெல்லாம் நேரா வந்துடும், எங்கள மாதிரி 50,000 பேருக்குக் கீழ இருக்கற சின்ன ஊர்னா பொதுவா மாநிலத்துகிட்ட அப்ளை பண்ணி மத்த ஊர்களோட போட்டி போடணும். இதுல 70 சதவீதமாவது வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்குப் பயன்படணும், ஆனா முதியோருக்கு மட்டுமான சென்டர்னா ஒவ்வொருத்தர் வருமானத்தையும் தோண்டிக் கேக்க வேண்டியதில்ல, அவங்கள அந்தக் கணக்குல சேத்துக்கலாம்னு விதியே இருக்கு. அதனால எங்களுக்கு சான்ஸ் நல்லாவே இருக்குன்னு நம்பறேன்.

இனிமேதான் என் கவலை. அந்தப் பணத்துல கூரை போடலாம், ராம்ப் கட்டலாம், பாத்ரூமை இடிச்சுக் கட்டலாம். கட்டி முடிச்சப்புறம் கரண்ட் பில்லு, பராமரிப்பு எதுக்கும் அதுல தர மாட்டாங்க, அதெல்லாம் டவுன் பட்ஜெட்டுல இருந்துதான் வரணும், அங்க கை வைக்கணும்னா மொதல்ல சென்டர் மேலதான் வைப்பாங்க. ஏற்கனவே வேன் டிரைவர் ஒருத்தரைக் குறைச்சுட்டாங்க. பளபளன்னு கட்டடம் நின்னு, கூட்டிட்டு வர ஆள் இல்லன்னா யாருக்குடி அது? கல்யாணத்துக்கும் பார்ட்டிக்கும் வாடகைக்கு விட்டுடுவாங்களோன்னு வேற பயம். அதுக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதல் உண்டு, கிராண்ட் கணக்கு முடிச்சு அஞ்சு வருஷம் வரைக்கும் ஊர் ஜனங்களைக் கேக்காம கட்டடத்தை வேற உபயோகத்துக்கு மாத்த முடியாது. அஞ்சு வருஷத்துக்கு அப்புறம்? அப்ப அம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்னு நீயே பாரு.

இன்னொண்ணு கேளு, இதுலதான் எனக்கு வயிறு எரியுது. அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஜனங்க கருத்தைக் கேட்டு பப்ளிக் ஹியரிங் வைக்கணும், அதை ராத்திரி ஏழு மணிக்கு டவுன் ஹால்ல வச்சிருக்காங்க! சென்டர் வேன் நாலு மணியோட நின்னுடும், அங்க வர்றவங்கள்ல பாதி பேர் இருட்டுல கார் ஓட்டறதில்ல. பயன்படப் போறவங்களுக்கு வசதியான நேரத்துல, வசதியான இடத்துலதான் வைக்கணும்னு அந்த கிராண்ட் விதியிலயே எழுதியிருக்குடி. சென்டர்லயே மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சா நாற்பது பேராவது கையைத் தூக்குவாங்க, அப்ளிகேஷனுக்கும் அது பலம்தானே. போன் பண்ணி சொன்னேன், கேட்டு சொல்றோம்னாங்க, இன்னும் பதில் வரல. நேரத்தை மாத்தினாலும் மாத்தாட்டியும் நான் போய்ப் பேசறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அம்மாவும் வரேன்றாங்க, கொரியா பாட்டியையும் நம்ம கார்லயே கூட்டிட்டுப் போகணுமாம்.

பேச மூணு நிமிஷம்தான் தருவாங்க. காலேஜ் எலெக்ஷன்ல மைக்கைப் பிடுங்கினவ நீ, எனக்கு எதை வெட்டணும்னே தெரியல. நான் எழுதினதைத் தனியா அனுப்பியிருக்கேன், நீயே வெட்டிக் குடு. ராம்ப்பும் அந்தத் தாத்தாவும் மொதல்ல வரட்டும், வேனுக்கும் டிரைவருக்கும் பட்ஜெட்டுல பணம் ஒதுக்கறோம்னு கவுன்சில் எழுத்துல தீர்மானம் போடணும்ங்கறதை மட்டும் வெட்டிடாத, அதுக்காகத்தான் போறேன். புதன்கிழமைக்குள்ள அனுப்பிடு, தூங்கிடாத.

அம்மா உன்னைக் கேட்டாங்க, நீ இன்னும் அந்தப் பச்சைப் புடவையைத் திருப்பித் தரலயாம்.

உன்,
குட்டச்சி