புளோரன்ஸில் வீடு பிடித்துத் தரும் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண முகவர்களே,

வணக்கம்.

"சமையலறையோடு வீடு, பேராலயத்துக்கு நடந்தே போகலாம், ஆறு பேர் தாராளமாகத் தங்கலாம்." இத்தாலிப் பயணத் திட்டத்தில் புளோரன்ஸ் வரும் பக்கத்தில் நீங்கள் வழக்கமாக எழுதுவது இதுதான். ஹோட்டலில் மூன்று அறை எடுப்பதைவிடச் செலவு குறைவு, பாட்டிக்கு ரசம் சாதமும் கிடைத்துவிடும் என்று குடும்பங்களும் உடனே சம்மதிக்கின்றன. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் பிடித்துத் தருவது பல நூறு வருடப் பழைய கட்டடத்தில் ஒரு வீடு. வரவேற்பு மேசை கிடையாது, பெட்டி தூக்க ஆள் கிடையாது, இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் போனால் கீழே போய்ச் சொல்ல யாரும் கிடையாது. ஹோட்டல் ஊழியர் செய்யும் வேலையையெல்லாம் தங்குபவரே செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்களை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, முன்பணம் பெறுவதற்கு முன்பே குடும்பத்தின் கையில் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முதலில் ‘சின்’ எண். இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் ஒன்று வேண்டும். அதன் இத்தாலியச் சுருக்கம்தான் ‘சின்’ (CIN). 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். விளம்பரத்திலும் போட வேண்டும், கட்டட வாசலிலும் ஒட்ட வேண்டும். புளோரன்ஸ் வீடு என்றால் ‘IT’ என்ற எழுத்துகளை அடுத்து 048017 வரும். அந்த ஆறு இலக்கமும் நகராட்சியின் எண். வேறு எண் இருந்தால் வீடு பக்கத்து ஊர் எல்லைக்குள் இருக்கிறது, ‘நடந்தே போகலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. எண் இல்லாமல் வாடகைக்கு விடுபவருக்கு 800 முதல் 8000 யூரோ வரை அபராதம். அதைக் கட்டுவது வீட்டுக்காரர்தான் என்றாலும், நடுவழியில் நிற்பது உங்கள் வாடிக்கையாளர். பழைய நகரம் முழுவதும் 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் புதிதாக வீடுகளைச் சுற்றுலா வாடகைக்கு விடுவதை 2023 அக்டோபரில் நகராட்சி தடுத்தது. வழக்கு வம்பும் தொடர்ந்தது. நகரின் நட்டநடுவே, ஒரு மதிப்புரைகூட இல்லாத வீடு பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் எண்ணைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஆள் கணக்கிலும் ஒளிவுமறைவு வேண்டாம். தங்க வரும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு விவரத்தையும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கும் விலக்கில்லை. நான்கு பேர் வீட்டில் ஆறு பேரை ஏற்றிவிட்டு "தரையில் பாய் விரித்துக்கொள்வார்கள்" என்பது நம் கல்யாண வீட்டில் செல்லும். அங்கே கதவைத் திறக்கும்போதே தகராறு. விசாவுக்குக் காட்டும் முன்பதிவுத் தாளிலும் எல்லார் பெயரும் இருந்தால் இரண்டு இடத்திலும் கேள்வி வராது.

சாவியை வாசல் பெட்டியில் வைத்துவிட்டு, திறக்கும் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் வழக்கம் முன்பு இருந்தது. பழைய நகருக்குள் அந்தப் பெட்டிகளுக்கு 2025 தொடக்கத்தில் நகராட்சி தடை போட்டுவிட்டது. ஆகவே சாவி கொடுக்க ஆள் நேரில் வருவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் என்ன, வாட்ஸ்அப் எண் என்ன, இரவு எட்டு மணிக்கு மேல் வந்தால் கூடுதல் கட்டணம் எவ்வளவு, விமானம் தாமதமானால் எத்தனை மணி வரை காத்திருப்பார் என்று கேளுங்கள்.

இனி முகவரி. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். புளோரன்ஸ் தெருக்களில் கதவு எண்கள் இரண்டு வரிசை. வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண். கடைகளுக்குச் சிவப்பு எண். இரண்டும் தனித்தனியாக ஓடுவதால் 23-ஆம் எண் வீடும் சிவப்பு 23-ஆம் எண் கடையும் ஒரே தெருவில் நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம். எழுதும்போது சிவப்பு எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்ப்பார்கள். ‘ரோஸோ’ என்றால் சிவப்பு. உங்கள் தட்டச்சில் அந்த ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் டாக்ஸி வேறு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். சரியான வாசலுக்கு வந்தாலும் அழைப்பு மணிப் பலகையில் வீட்டு எண் இருக்காது, குடும்பப் பெயர்கள்தான் இருக்கும். எந்தப் பெயருக்கு நேரே அழுத்த வேண்டும் என்பதை முகவரியோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

மாடிக் கணக்கு நம் ஊரைப் போலத்தான், தரைத்தளம் சேராது. ஆனால் பல கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே ஓர் இடைத்தளம் இருக்கும். அதையும் எண்ண மாட்டார்கள். பழைய மாளிகைகளில் கூரை உயரம் நான்கைந்து மீட்டர். ஒரு மாடிக்கு 25 முதல் 30 படி என்று வைத்தால் ‘மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை’ என்பது எண்பது தொண்ணூறு படி. படிகளும் சாம்பல்நிற மணற்கல். நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். மாடி எத்தனை என்று கேட்காதீர்கள், படி எத்தனை என்று கேளுங்கள். லிஃப்ட் உண்டென்றால் அதில் எத்தனை பேர் நிற்கலாம் என்றும் கேளுங்கள். படிக்கட்டின் நடுவிடத்தில் பிற்காலத்தில் செருகிய கூண்டு அது. இரண்டு பேர் ஏறினால் பெட்டிக்கு இடமிருக்காது.

வாடகைக் கார் எடுக்கும் குடும்பத்திடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், வீட்டு வாசல் வரை ஓட்டிப் போக முடியாது. பழைய நகரம் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7:30 முதல் இரவு 8 வரை, சனிக்கிழமை மாலை 4 வரை அனுமதியில்லாத வண்டி நுழையக்கூடாது; கோடையில் சில இரவுகளிலும் கட்டுப்பாடு உண்டு. தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்காது, கேமராதான். பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் நுழைவாயில் இயங்குகிறது என்று பொருள். ‘இயங்குகிறது’ என்றால் ‘திறந்திருக்கிறது’ என்று நினைத்து உள்ளே விட்டுவிடுவார்கள், உண்மை நேர்மாறானது. ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். முதலில் கார் நிறுவனம், ஓட்டியவரின் விவரத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கென்று அவர் அட்டையிலிருந்து ஒரு தொகை எடுக்கும், அபராதத் தாள் பல மாதம் கழித்து வரும். நெடுஞ்சாலையிலிருந்து நேரே இறங்கும் வில்லா கோஸ்தான்சா நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு முதல் டிராம் தடத்தில் ரயில் நிலையம் வரை வருவது நிம்மதி. விமான நிலையத்திலிருந்து வருவோருக்கு இரண்டாம் டிராம் தடம்.

வீட்டுக்குள் வந்தபின் அதிகம் தொல்லை தருவது மின்சாரம்தான். இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் ஒப்பந்தம் 3 கிலோவாட். மீட்டர் 3.3 வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் வெட்டிவிடும். ஆறு பேர் குடும்பத்தின் காலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கீசர் 1.2, கெட்டில் 2, ஹேர் டிரையர் 1.8. ஐந்து ஆகிவிட்டது, இண்டக்‌ஷன் அடுப்பை இன்னும் போடவே இல்லை. வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது 2 இழுக்கும், ஓவனும் அப்படியே. சூடாக்கும் சாமான் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பதைப் பயணத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மின்சாரம் போனால் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. வீட்டு வாசற்கதவுக்கு அருகே உள்ள பெட்டி முதலாவது. அதில் ‘சால்வாவீத்தா’, அதாவது உயிர்காப்பான் என்று அவர்கள் அழகாகப் பெயர் வைத்திருக்கும் சுவிட்ச் விழுந்திருந்தால் எங்கோ மின்கசிவு. எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு அதை மேலே தள்ளி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் எந்தச் சாமான் என்று தெரிந்துவிடும். பெட்டியில் எல்லாம் மேலேதான் இருக்கிறது, ஆனாலும் இருட்டு என்றால் மீட்டரே வெட்டியிருக்கிறது. சுமையைக் குறைத்துவிட்டு மீட்டரின் நெம்புகோலைத் தூக்கிவிட வேண்டும். அந்த மீட்டர் பல கட்டடங்களில் தரைத்தளத்துப் பூட்டிய அலமாரிக்குள், ஒரே மாதிரியான பத்து மீட்டர்களின் வரிசையில் இருக்கும். எது நம்முடையது, அலமாரிச் சாவி கொத்தில் எது என்று தெரியாதவர் பக்கத்து வீட்டை இருட்டாக்கிவிட்டு வருவார். வீட்டுக்காரரிடம் மீட்டரின் புகைப்படம் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

மின்னழுத்தம் நம்முடையதேதான், 230 வோல்ட். பிளக்தான் வேறு. இத்தாலியச் சுவர் ஓட்டைகள் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். 10 ஆம்பியருக்கு ஒரு தடிமன், 16-க்கு இன்னொன்று. மெல்லிய இரண்டு முள் செல்போன் சார்ஜர் போய்விடும், நம் மூன்று முள் பிளக் எதிலும் போகாது. மிக்ஸியைத் தூக்கிவராமல் பொடிகளாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கீசர் 80 லிட்டர் என்றால் போதுமே என்று தோன்றும். குளிர்ந்த நீரைக் கலந்து குளித்தாலும் இரண்டு மூன்று பேருக்கு மேல் வராது. 80 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 4.2 யூனிட் வேண்டும், 1.2 கிலோவாட் கீசருக்கு அது மூன்றரை மணி நேர வேலை. பாதிப் பேர் இரவிலேயே குளித்துவிடுவதுதான் வழி.

குளியலறையில் வாளியும் குவளையும் தேட வேண்டாம். முக்கியமாக, ஷவர் தட்டுக்கு வெளியே தரையில் நீர் போக வழி பெரும்பாலும் கிடையாது. நம் வழக்கப்படி தரையைக் கழுவி விட்டால் அது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். அந்தக் கூரையில் சில வீடுகளில் பழைய சுவரோவியம் இருக்கும். பழுதுபார்ப்புக் கணக்கை யோசித்துக்கொள்ளுங்கள். நம் மக்களுக்கு ஓர் ஆறுதல், 1975-ஆம் ஆண்டு அரசாணைப்படி வீட்டில் ஒரு குளியலறையிலாவது கழுவிக்கொள்ளும் தொட்டியான பிதே இருந்தாக வேண்டும்.

அடுப்பு எரிவாயுவா, இண்டக்‌ஷனா என்று முதலிலேயே கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் வீட்டிலிருந்து கொண்டுவரும் அலுமினிய குக்கர் வெறும் சுமை. எரிவாயு என்றால் குழாயில் உள்ள மஞ்சள் பிடி, குழாயின் போக்கிலேயே இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் அடைப்பு. பற்றவைத்ததும் குமிழை ஐந்து முதல் பத்து விநாடி அழுத்தியே பிடிக்க வேண்டும். உடனே விட்டால் பாதுகாப்பு வால்வு அணைத்துவிடும். அடுப்பு கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் பல இதுதான். புகைப்போக்கியில் பல, காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுபவை. ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளிக்கச் சொல்லுங்கள். எரிவாயு எச்சரிக்கைக் கருவி சட்டப்படி வைத்தது. அதன் பிளக்கை உருவிவிட்டுச் செல்போனைச் சார்ஜில் போடக்கூடாது.

சாமானுக்குக் கவலை வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் பாசுமதியும் மைசூர்ப் பருப்பும் வெறும் தயிரும் கிடைக்கும். ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் தெற்காசிய மளிகைக் கடைகள் உண்டு. காய்கறிக்குச் சான் லோரென்சோ, சாந்த் அம்புரோஜோ சந்தைகள். காலையிலேயே போய்விட வேண்டும். ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது. கெட்டுப்போனதல்ல, தஸ்கனி வழக்கம் அது.

தீபாவளி விடுமுறைக்கு அனுப்புகிறீர்களா? சூடேற்றிகளை இயக்கச் சட்டமே தேதி வைத்திருக்கிறது. புளோரன்ஸ் இருக்கும் தட்பவெப்ப மண்டலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு அதிகபட்சம் 12 மணி நேரம். வீட்டின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, இரண்டு டிகிரி சலுகை. அக்டோபர் கடைசியில் வீடு சில்லென்று இருந்தால் வீட்டுக்காரரின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள்.

நகராட்சியின் தங்கல் வரி தனி. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஏழு இரவு வரை. 12 வயது நிறையாத குழந்தைகளுக்கு இல்லை. சில முன்பதிவுத் தளங்கள் வாடகையோடு சேர்த்தே வாங்கிவிடும். வாங்கியாயிற்றா என்று பார்க்காமல் இரண்டாம் முறை கொடுத்துவிட வேண்டாம்.

குப்பையை ஐந்தாகப் பிரிக்க வேண்டும்: உணவுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக்கோடு உலோகம், கண்ணாடி, மிச்சம். எந்தத் தெருத் தொட்டியில் போடுவது, அதைத் திறக்கச் சாவி ஏதும் வேண்டுமா என்று கேட்டு வையுங்கள்.

கதவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரும்புத் தகடு வைத்த வாசற்கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். உட்பக்கத் துளையில் சாவியை விட்டுவிட்டு வெளியே வந்தால் பல பூட்டுகளில் மாற்றுச் சாவியாலும் திறக்க முடியாது. பூட்டுத் திறப்பவரைத்தான் கூப்பிட வேண்டும், அதுவும் இரவு விலையில். கிளம்பும் நாளில் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொல்வார்கள். அதற்கு முன் ஒருவர் பெட்டிகளோடு கீழே இறங்கித் தெருக்கதவைத் திறந்து பார்க்கட்டும். சுவரில் சாவிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் திறக்கும் கதவுதான் அதிகம். ஆனால் இரவில் உள்ளிருந்தும் சாவி போட்டே திறக்க வேண்டிய கதவுகளும் இருக்கின்றன. விடியற்காலை ரயிலுக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாவியை மேலே விட்டுவிட்டு, பூட்டிய தெருக்கதவுக்கு உள்ளே பெட்டிகளோடு நிற்கும்படி ஆகிவிடும். அவர்கள் கிளம்பும் நேரத்தைச் சொல்லி, அந்த வீட்டுத் தெருக்கதவு எந்த வகை என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
புளோரன்ஸ் வாடகை வீடுகளை அறிந்த சிலர்