அந்த டிரைவ் வெறும் பெட்டி இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல பழைய கம்ப்யூட்டர் பத்தி வந்த கட்டுரைல கமடோர் 64-ங்கிற எண்பதுகள் வீட்டு கம்ப்யூட்டரோட ஃபிளாப்பி டிரைவ "மெதுவான பெட்டி"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, மனசு கேக்கல அதான் எழுதுறேன். 1541-ங்கிற அந்த டிரைவே ஒரு தனி கம்ப்யூட்டர் சார், உள்ள 6502 ப்ராசஸர், 2 கேபி ரேம், 16 கேபி ரோம் எல்லாம் இருக்கு, ஃபைல் எங்க இருக்குன்னு தேடுற வேலைய அதுவே பாத்துக்கும்.

மெதுவுதான், நொடிக்கு சுமார் 400 பைட், 40 கேபி ப்ரோகிராம் ஏற ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆகும், ஆனா காரணம் டிரைவ் இல்ல. அதே கம்பெனியோட முந்தின கம்ப்யூட்டர் விக் 20-ல இருந்த 6522 சிப்போட ஷிஃப்ட் ரெஜிஸ்டர்ல (பிட்டுகள ஒவ்வொண்ணா தானாவே அனுப்புற பகுதி) ஒரு கோளாறு, அதனால ஒவ்வொரு பிட்டையும் சாஃப்ட்வேர் மூலமாவே கேபிள்ல தள்ள வேண்டியதா போச்சு, 1982-ல 64 வந்தப்பவும் அந்த முறையே தொடர்ந்துச்சு, போதாததுக்கு ஸ்க்ரீன் சிப் அப்பப்போ ப்ராசஸர நிறுத்தி வைக்கும், அதுக்காக வேகத்த இன்னும் குறைச்சாங்க. லோடிங்க வேகமாக்குற ஃபாஸ்ட்லோட் கார்ட்ரிட்ஜ கம்ப்யூட்டர்ல போட்டா அதே டிரைவ் அதே கேபிள்ல பல மடங்கு வேகமா ஓடுச்சே!

எனக்கு ரொம்ப புடிச்சது அந்த ஆறு பின் கேபிள்தான். டிரைவ் பின்னாடி ரெண்டு சாக்கெட் இருக்கும், ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, இன்னொண்ணுல அடுத்த டிரைவோ பிரிண்டரோ மாட்டலாம், எது எதுன்னு கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுக்க பிரிண்டருக்கு நம்பர் 4, முதல் டிரைவுக்கு 8, அவ்வளவுதான். இப்போ அதே சாக்கெட்ல எஸ்டி கார்டு மாட்டுற சின்ன போர்டெல்லாம் கிடைக்குது. அடுத்த தடவ எழுதும்போது இதையும் ரெண்டு வரி சேத்து போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்